பார்லரில் ஒரு பாடம்

வர்ச்சுவல் ரியாலிட்டி என்றதும் துப்பாக்கியும் டைனோசரும்தான் ஞாபகத்துக்கு வருகின்றனவா? உங்கள் தப்பில்லை. விற்பதில் பாதி அந்த ரகம்தான்.

2017ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் 'ஹைஃபன்-லேப்ஸ்' என்னும் பெண்கள் குழு 'நியூரோஸ்பெகுலேட்டிவ் ஆஃப்ரோஃபெமினிஸம்' என்று ஒரு படைப்பை வைத்தது. பெயர் வாயில் நுழையாது; விஷயம் எளிது. நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறீர்கள். எதிரே கண்ணாடி. அதில் தெரிவது நீங்கள் அல்ல, ஒரு கறுப்பினப் பெண். இடம், வருங்காலத்து பியூட்டி பார்லர். தலைமுடியோடு மின்முனைகளையும் சேர்த்துப் பின்னி, மூளையைத் தூண்டுகிறார்கள்.

பார்லரைத் தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு அது வெறும் முடி அலங்காரக் கடை அல்ல. அன்றைக்கு எழுத்தறிவுப் பரீட்சை வைத்துத்தான் கறுப்பர்களுக்கு ஓட்டுரிமையை மறுத்தார்கள். அதில் தேற, 1957ல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த முதல் டீச்சர் பெர்னிஸ் ராபின்சன். தொழில்? பியூட்டிஷியன்!

என் குறை ஒன்றுதான். பார்லரில் சங்கதி பரவுவது, பக்கத்து நாற்காலிக்காரி 'அதெல்லாம் இல்லடி' என்று குறுக்கே புகுவதால். ஹெட்செட்டுக்குள் பக்கத்து நாற்காலி கிடையாது. கேட்டுக்கொள்ளலாம், மறுத்துப் பேச முடியாது. கதை சொல்லியாயிற்று, அறிவைப் பகிர்ந்தாயிற்றா என்றால், பாதிதான்.

இன்னொன்று. கழற்றியதும் உங்கள் முகம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்குக் கழற்ற எதுவும் இல்லை.