கடாரத்தைக் காணும் கண்

கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்துவிடுகின்றன. முதலில் குனோங் ஜெராய் மலையின் எழில். அடுத்து, 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படையெடுத்த இராசேந்திர சோழனின் வீரம். இறுதியில், பழம்பெருமையை எண்ணி ஒரு பெருமூச்சு. அங்குள்ள கற்கள் கூறுவது என்ன என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. காணுமுன்னரே அறிந்திருந்ததை மீண்டும் எழுதுவது பயணக் கட்டுரை ஆகாது.

இப்பெருமித உணர்வு முற்றிலும் பழிக்கத்தக்கதன்று. தோட்டக் கூலிகளின் வழிவந்தோர் என்ற ஏளனத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடாரம் என்னும் சொல் நிமிர்ந்து நிற்கும் துணிவைத் தந்தது. ஆயினும், இன்றைய மலேசியத் தமிழருள் பெரும்பாலோரின் முன்னோர் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தவர்களே. படையெடுப்பைக் குடிவழியாகக் காட்டுவது வரலாறு ஆகாது.

மெர்போக்கிலுள்ள சண்டி புக்கிட் பத்து பஹாட்டை நோக்குக. அலஸ்டர் லாம்ப் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து மீட்டமைத்த கோயில் அது. கருவறையும் முன்மண்டபமும் தென்னிந்தியக் கோயிலமைப்பை நினைவூட்டுகின்றன. ஆனால், மண்டபத்தில் எஞ்சியவை தூண்களைத் தாங்கிய கல்லடிகளே. அவற்றின்மேல் நின்றவை மரத்தூண்கள் என்பர் ஆய்வாளர். கடல் கடந்து வந்த அமைப்பு இம்மண்ணின் மரத்தோடு இணைந்து வேறொரு வடிவம் பெற்றது. இதனைக் காண்பதற்கு மன்னர் பெயர் தேவையில்லை. குனிந்து பார்க்கும் பொறுமை போதும்.

அருகிலுள்ள தொல்பொருள் காட்சியகமும் இதையே உணர்த்துகின்றது. பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, மணிகள் ஆகியன பல நாட்டு வணிகர் கூடிய துறைமுகத்தைக் காட்டுகின்றன. 2009-ஆம் ஆண்டு முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழாய்வு, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தது. கடாரம், வெல்லப்படுவதற்காகவே காத்திருந்த நிலமன்று. தானே உழைத்து வாணிகம் செய்த நாடு.

போருக்கு முன்பிருந்த நட்பும் மறக்கற்பாலதன்று. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் உரிய மன்னர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பியதையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதையும் செப்பேடு கூறுகின்றது. வெற்றியை மட்டும் எழுதும் கட்டுரை, தமிழரின் வரலாற்றிலேயே பாதியை விட்டுவிடுகின்றது.

இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. 2013-ஆம் ஆண்டில், 11-ஆம் எண்ணிட்ட சண்டி, தனியார் நிலத்தில் வீடமைப்புப் பணிக்காக இடித்துத் தள்ளப்பட்டது. அரசனைப் புகழும் எழுத்து அரசனோடு நின்றுவிடும். செங்கல்லை அறிந்த எழுத்தே செங்கல்லுக்குக் காவலாகும்.

ஆகவே, மாணவரைப் பூஜாங்குக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், இராசேந்திரன் பெயரைச் சொல்லுமுன், ஒரு தூணடியை அளந்து வரையவும் ஒரு மணியின் நிறத்தை எழுதவும் பணிப்பாராக. அவ்வேட்டிலிருந்து எழும் கட்டுரை சிறிதாயினும் மெய்யானதாக இருக்கும்.