டி. எஸ். பாலையாவின் நடிப்புக்கலை: பெருமிதமும் அதன் சரிவும்

முன்னுரை

‘பங்சாவான்’ எனும் மலாய் மேடை நாடகத்தின் வரலாற்றை எழுதுவோர், 1885ஆம் ஆண்டில் பினாங்கில் மாமாக் புஷி என்பார் தோற்றுவித்த குழுவிலிருந்து தொடங்குவது வழக்கம். இத்தீவுக்கு வந்துசென்ற பார்சி நாடகக் குழுக்களின் திரைச்சீலைகளும் பாட்டும் உடையலங்காரமும் அந்நாடகத்துக்கு முன்மாதிரியாயின. அதே பார்சி மரபு தமிழகக் கம்பெனி நாடகங்களின் மீதும் தன் சுவட்டைப் பதித்தது. எனவே ஜார்ஜ்டவுன் மேடைக்கும் தமிழக மேடைக்கும் உடன்பிறப்பு உறவு உண்டு எனலாம். இரண்டிலும் வேடங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. பங்சாவானில் நாயகன், நாயகி, அரசன், பூதம், கோமாளி என்று பிரிவுகள் இருந்ததைப் போலவே, தமிழ் மேடையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்ற பிரிவுகள் நிலவின.

இவ்வகைப்பாடு திரைக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பது ஆய்வுக்குரிய வினாவாகும். கள்ளபார்ட்டையும் பபூனையும் ஒரே உடம்பில் இணைத்துக் காட்டிய நடிகர் ஒருவரைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. அந்நடிகர் டி. எஸ். பாலையா.

வாழ்வும் தொடக்கமும்

பாலையா 1914ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் திருவைகுண்டத்தில் பிறந்தார். நாடக மேடையில் பயின்ற பின்னர், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ (1936) படத்தின்வழித் திரைக்கு வந்தார். எம். ஜி. ஆரும் என். எஸ். கிருஷ்ணனும் அறிமுகமானதும் அப்படத்திலேயேயாம். எஸ். எஸ். வாசனின் கதையை அடியொற்றிய அப்படத்தில், நாயகனைக் குடிக்கு இழுத்துக் கெடுக்கும் வஞ்சகன் வேடம் பாலையாவுக்கு வாய்த்தது. கொலை செய்துவிட்டதாக நம்பும் நாயகன் இலங்கைக்குத் தப்பியோடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘அம்பிகாபதி’யில் நாயகனுக்குப் பகைவனான படைத்தலைவன் உருத்திரசேனனாகப் பாலையா தோன்றினார். 1972ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் அவர் மறையும்வரை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர்தம் திரைப்பணி நீண்டது.

இக்கால அளவை முற்பகுதியில் வில்லன், பிற்பகுதியில் நகைச்சுவைத் தந்தை என இரண்டாகப் பகுப்பது எளிது. ஆனால் அப்பகுப்பு அவருடைய கலையின் ஒருமையை மறைத்துவிடுகிறது என்பது நம் கருத்து. ‘தூக்குத் தூக்கி’ (1954) இதற்குச் சான்றாகும். நாயகனின் மனைவியோடு கள்ள உறவு கொள்ளும் வடநாட்டுச் சேட்டாக அதில் அவர் நடித்தார். செயலால் அப்பாத்திரம் வில்லன். சிதைந்த தமிழாலும் தன்னைப் பற்றிய மிதப்பாலும் அதே பாத்திரம் கோமாளி. வெறுப்பும் சிரிப்பும் ஒரே முகத்திலிருந்து பிறக்கின்றன. தன்னைப் பெரியவனாக எண்ணிக்கொள்ளும் மனிதனும் அவ்வெண்ணம் சரியும் கணமுமே பாலையாவின் நடிப்பில் மீண்டும் மீண்டும் உருப்பெறுகின்றன. சரிவு பிறரைக் கெடுத்தபின் நிகழ்ந்தால் அவர் வில்லன். கெடுக்கும் வலிமை இல்லாதவனுக்கு நிகழ்ந்தால் அவர் நகைச்சுவையாளர்.

கல்வியாற் பிறந்த பெருமிதம்

உள்ளத்து நிகழ்வு உடம்பின்வழிப் புலப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்பர். எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய பெருமிதம் தோன்றுவதற்குரிய நிலைக்களன்களுள் கல்வியும் ஒன்றாக அவரால் வைக்கப்பட்டுள்ளது. ஏ. பி. நாகராசன் இயக்கிய ‘திருவிளையாடல்’ (1965) படத்தின் ஏமநாத பாகவதர் பாத்திரத்தை இக்கருத்தின் ஒளியிற் காண்பது பொருத்தமாகும்.

பரஞ்சோதி முனிவரின் ‘விறகு விற்ற படலம்’ தந்த கதை அது. பாண்டியன் அவைக்கு வந்து அறைகூவல் விடுக்கும் பாடகனாக வரும் பாலையாவுக்குப் பாட்டின் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. குரல் இரவல்; செருக்கோ நடிகருடையது. இரவற் குரலுக்கு வாயசைப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு சங்கதிக்கும் அவையின் வியப்பைத் தண்டுவது போலக் கையும் கண்ணும் இயங்குகின்றன. பாடலைத் தான் பாடுவதாக அன்றி, அவைக்குத் தான் ஈவதாகவே அவர் காட்டுகிறார்.

இரவில் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்கும் காட்சியில் இதன் மறுபக்கம் வெளிப்படுகிறது. பாணபத்திரர் தம்மை மாணவனாக ஏற்க மறுத்தார் என்று விறகுவெட்டி கூறியதும், ஏமநாதனின் உள்ளத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது: தள்ளப்பட்டவனின் பாட்டே இதுவாயின், தள்ளியவரின் பாட்டு எத்தகையதாகும்? அக்கணக்கு ஓடுவதை நாம் முகத்திலேயே படிக்கிறோம். முதலில் மருட்கை, பின்னர் அச்சம், இறுதியில் இளிவரல் எனப் பெருமிதம் படிப்படியாக இறங்குகிறது. இங்கே கவனிக்கத்தக்கது, நல்ல இசையை இனங்காணும் அறிவு அவனிடம் இருந்தமையாலேயே அவன் தோற்கிறான் என்பதாகும். இசையறியாதவனாயின் அச்சம் பிறந்திராது. செருக்குற்றவனைக் கேலிப்பொருளாக்கி விடாமல், கற்றவன் ஒருவனின் வீழ்ச்சியாகப் பாலையா அதனை உயர்த்துகிறார்.

கேட்பதும் ஒரு நடிப்பு

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் மகன் செல்லப்பா தான் எடுக்கவிருக்கும் திகிற்படத்தின் கதையைத் தந்தை விசுவநாதனுக்குச் சொல்லும் காட்சி பலரும் அறிந்ததே. பேசுபவர் நாகேஷ், காட்சியைத் தாங்குபவர் பாலையா. மகனை மதியாத தந்தையின் அலட்சியம் மெல்ல ஆர்வமாகி, ஆர்வம் நடுக்கமாகும் வரிசை எவ்விடத்தும் தாவப்படவில்லை. தொல்காப்பியர் அச்சத்துக்கு அணங்கினையும் நகைக்குப் பேதைமையினையும் நிலைக்களன்களாகக் காட்டுவர். பாத்திரத்துக்கு அச்சமாக இருப்பது காண்போருக்கு நகையாக மாறும் இவ்விடத்தில் இரண்டும் ஒருங்கே நிற்கின்றன. நடிகர் தாமும் சிரிப்பு மூட்ட முயன்றிருப்பாராயின் இவ்விணைவு குலைந்திருக்கும்.

ஆயினும் மலேசியத் தமிழர் இப்படத்தை வேறொரு கண்ணாலும் பார்க்க வேண்டியுள்ளது. மலேசியாவிலிருந்து சென்ற ரவிச்சந்திரன் நாயகனாக அறிமுகமான படம் என்பதால் மட்டுமன்று. விசுவநாதன் ஒரு தோட்ட முதலாளி. வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் அவர் வீட்டெதிரே கூடாரமடித்துப் போராடுகிறான். படம் அதனைக் கேளிக்கையாக்குகிறது. இங்குள்ள இரப்பர்த் தோட்டங்களில் வேலை போனால் லயத்து வீடும் போகும் என்ற நிலையில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அது கேளிக்கையன்று. படத்தில் தோட்டம் அழகிய பின்னணியாக இருக்கிறதேயன்றி, உழைப்பவரின் இடமாக விரியவில்லை. 1936இல் பாலையாவின் வஞ்சகத்தால் நாயகன் தோட்டக் கூலியானான். 28 ஆண்டுகள் கழித்து அவரே தோட்ட முதலாளியாக வந்து நம்மைச் சிரிக்க வைக்கிறார். தமிழ்த்திரை தோட்டத்தைக் கண்ட பார்வையின் மாற்றத்தை இவ்விரு வேடங்களும் காட்டுகின்றன.

அதே வேளையில், படம் மறந்த ஒன்றைப் பாலையாவின் உடம்பு மறக்கவில்லை என்றும் கூறலாம். நீக்கப்பட்ட இளைஞன் செல்வரின் மகன் என்று நம்பத் தொடங்கியதும் முதலாளியின் முதுகு வளைகிறது, குரல் குழைகிறது. அதிகாரம் மனிதனை அன்று, பணத்தையே வணங்குகிறது என்பதைத் திரைக்கதை விளையாட்டாகச் சொல்ல, நடிகர் மெய்யாகவே காட்டிவிடுகிறார்.

மாறுபடும் வேடங்கள்

எல்லா வேடங்களையும் இவ்வொரு சட்டத்துள் அடைக்க இயலாது. அண்ணாவின் கதையில் உருவான ‘வேலைக்காரி’ (1949) படத்தில் நண்பனுக்கு வழிகாட்டும் மணியாக வரும் பாலையா, பிறர் செருக்கைச் சரிக்கத் திட்டமிடும் கூரிய அறிவினராவார். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தின் தவில் கலைஞர் முத்துராக்கோ, முன்கோபியான நாதசுரக் கலைஞனைத் தாங்கி நிற்பவர். தவில் நாதசுரத்தை மறைக்காமல் தாங்குவது போலவே, அவர் நாயகனை மறைக்காமல் தாங்குகிறார். பெருமிதத்தின் எல்லைகளை நன்கறிந்த நடிகருக்கே இவ்வடக்கம் கைவரும்.

முடிவுரை

நம் திரைப்பட ஆய்வுகள் பெரும்பாலும் நாயகரையும் உரையாடலையும் பாடலையும் சுற்றியே அமைகின்றன. அதனால் பேசாமல் கேட்பவரின் கலை பதிவு பெறாமல் போகிறது. மெய்ப்பாட்டியலை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர்கள் எட்டுப் பெயர்களையும் மாணவரை ஒப்புவிக்கச் செய்வதோடு அமையாமல், ஏமநாதன் கேட்கும் காட்சியையும் விசுவநாதன் கேட்கும் காட்சியையும் அடுத்தடுத்துக் காட்டிப் பயிற்றுவிக்கலாம். ஒன்றில் கேட்பவர் தம் கல்வியாலும் மற்றொன்றில் தம் பேதைமையாலும் நிலைகுலைகிறார். இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணரும் மாணவர் இலக்கணத்தையும் நடிப்பையும் ஒருங்கே கற்றவராவர். பங்சாவான் பிறந்த இத்தீவில் அத்தகைய ஒப்பாய்வுக்கு இடம் மிகுதியும் உண்டு. கள்ளபார்ட்டும் பபூனும் ஒருவரே என்று காட்டிய பாலையா அதற்குத் தக்க தொடக்கமாவார்.