ரேகை யாருக்குக் காவல்?

மடவார் வளாகத்தில் வைத்தியநாதசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களானாலும் சரி, ராஜபாளையத்து மில் தொழிலாளர் குடியிருப்பானாலும் சரி, மாதத் தொடக்கத்தில் ரேஷன் கடை வாசலில் காதில் விழுவது ஒரே கேள்விதான்: “ரேகை விழுதா?” தீப்பெட்டி ஒட்டிய விரல், பட்டாசு மருந்து அளைந்த விரல், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் தேய்ந்த விரல் எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியின் மேல் வந்து உட்கார வேண்டும். முந்தானையில் துடைத்து வைத்தாலும் விழாது. “அழுத்தி வைங்கக்கா... சரி, அடுத்த வெரல வைங்க.” பத்து விரலும் பார்த்தாகிவிட்டால் ஓடிபி. போன் பேரனிடம் இருக்கும், பேரன் திருப்பூரில் இருப்பான். அவனைக் கூப்பிட்டு எண்ணை வாங்கி, வரிசை முழுக்கக் கேட்கும்படி அக்கா அதை உரக்கச் சொல்வார். ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று வங்கி அனுப்புகிற எச்சரிக்கையும் அதே போனுக்குத்தான் வருகிறது.

இந்த முறையை எடுத்த எடுப்பில் திட்டுவதும் நியாயமில்லை. 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது அட்டையைக் காட்டினாலே பில் போடலாம். அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் குடும்பம். வாங்காத பருப்புக்கும் பாமாயிலுக்கும் ‘பொருள் வழங்கப்பட்டது’ என்று போனுக்குக் குறுஞ்செய்தி வந்து, கடைக்குப் போய்ச் சண்டை போட்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 2020 அக்டோபரில், ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தோடு கைரேகை வந்ததும் இந்தத் திருட்டு கடினமாயிற்று. வெளியூரில் வேலை பார்க்கிறவர் அங்குள்ள கடையிலேயே அரிசி வாங்க முடிவதும் இதனால்தான். தொழில்நுட்பத்திலும் குறைசொல்ல அதிகமில்லை. ரேகையைக் கடைக்காரரின் இயந்திரம் சேமித்துவைப்பதில்லை. கருவியிலேயே மறையாக்கம் செய்து ஆதார் ஆணையத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதில் மட்டும் வருகிறது.

ஆனால் ரேஷனில் நடக்கும் திருட்டு, ஆள்மாறாட்டம் ஒன்றுதானா? எடை குறைவதை எந்த ரேகையும் பிடிக்காது. இருபது கிலோவுக்குப் பதினெட்டு கிலோ கொடுத்தாலும், வாங்கியவர் விரல் வைத்துவிட்டார் என்றால் கணக்கு சுத்தம். ஜார்க்கண்டில் ரேகைமுறையை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். ரேகை வந்ததால் மட்டும் கசிவு சராசரியாகக் குறையவில்லை. மக்களின் அலைச்சல் கூடியது. ஆதாரை இணைக்காத குடும்பங்களுக்குக் கிடைத்த பொருள் சுமார் 10 சதவீதம் குறைந்தது. தமிழ்நாடு ஜார்க்கண்ட் அல்ல என்பது உண்மைதான். இங்கே எல்லோருக்குமான பொது விநியோகம் இருக்கிறது. ரேகை விழாவிட்டாலும் பொருளை மறுக்கக் கூடாது என்ற அறிவுறுத்தல் இருக்கிறது, கண் கருவிழிப் பதிவு வந்திருக்கிறது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. விழாத ரேகைக்கு இத்தனை மாற்றுவழி தேவைப்படுகிறது என்பதே அந்த முறையைப் பற்றிய விமர்சனம்தான்.

2025இல் வந்த இன்னொரு மாற்றம் இதைவிடக் கவனிக்க வேண்டியது. எடைத்தராசை ப்ளூடூத் வழியாக பில் இயந்திரத்தோடு இணைத்தார்கள். தராசில் சரியான எடை நின்றால்தான் பில் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் நேரம் பிடிக்கிறது என்று கடைப் பணியாளர்கள் எதிர்த்தார்கள். கிடங்கிலிருந்து வரும் மூட்டையே குறைவாக வருகிறதே, அதை யார் நிறுப்பது என்றும் கேட்டார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் கிடங்கிலும் அதே கண்டிப்போடு நிறுத்துக் கொடுப்பதுதான். நான் சொல்லவந்தது வேறு. இந்தத் தராசு வாங்குகிறவரின் உடம்பிலிருந்து எதையும் கேட்கவில்லை, அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பொருளைக் கையாளுகிறவர் பக்கம் காவல் போட்டது, அவ்வளவுதான். பாதுகாப்பு வேண்டுமென்றால் அந்தரங்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று அதிகாரிகள் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தத் தராசுதான் நினைவுக்கு வருகிறது. விட்டுக்கொடுக்கச் சொல்வது எப்போதும் வரிசையில் நிற்பவரிடம்தான்.

தகவலைக் கையில் வைத்திருப்பவர் பக்கம் காவல் எப்படி இருக்கிறது? 2021 ஜூலை வாக்கில், தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் விற்பவர் கைக்குப் போய்விட்டதாகப் பெங்களூரின் டெக்னிசாங்ட் நிறுவனம் சொன்னது. ஆதார் எண், போன் எண், குடும்ப விவரம் எல்லாம் அதில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் ஒருவர் புகுந்தார். நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் கசிந்ததுதான் காரணம் என்று காவல்துறையே விளக்கியது. வரிசையில் நிற்கும் பாட்டிக்குப் பத்து விரல் சோதனை. பல்லாயிரம் முகங்கள் இருக்கும் தளத்துக்கு ஒரு கடவுச்சொல்!

கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. பல மாநிலங்களில் நிலப் பத்திரங்களில் இருந்த ரேகையைச் சிலிக்கானில் வார்த்து, ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் ஏழைகளின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் பதிவாயின. ரேகையைப் பூட்டிவைக்கும் வசதி ஆதார் ஆணையத்திடம் இருக்கிறது, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதார் நகலும் இருக்கிறது. ஆனால் பூட்டிய ரேகையை ரேஷன் கடையில் வைத்தால் இயந்திரம் ஏற்காது. மாதாமாதம் திறந்து பூட்டச் செயலியையோ ஆதார் இணையதளத்தையோ நாட வேண்டும். ஜெராக்ஸ் கடையிலோ முழு எண் தெரியும் நகல்தான் கற்றை கற்றையாகக் கிடக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆதார் தீர்ப்பு, மானியத்துக்கு ஆதார் கேட்கலாம் என்றது. 2023இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழு அமலுக்கு இன்னும் தவணை இருக்கிறது. மானியம் தரும் அரசு, பயனாளியிடம் புதிதாகச் சம்மதம் கேட்கத் தேவையில்லை என்று அச்சட்டம் விலக்குத் தருகிறது. தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் போய்ச் சேருவது இந்தியாவின் தொகுப்பு நிதிக்கு; கசிந்த எண்ணின் சொந்தக்காரருக்கு அல்ல. போதாக்குறைக்கு, கவனக்குறைவால் தகவலைக் கசியவிட்ட நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழிதந்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தப் புதிய சட்டம் நீக்குகிறது.

நல்லது ஒன்றும் இருக்கிறது. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் உடனே சொல்லியாக வேண்டும் என்று புதிய விதி சொல்கிறது. 2021இல் அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டமில்லை. சொல்வதற்குப் புதிதாக எந்த ஏற்பாடும் வேண்டாம். ஒரு கிலோ பருப்பு வாங்கினாலே தமிழில் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த துறைதான் இது.