ஊசி எழும் அந்த இரண்டு மில்லிமீட்டர்

பழுது பார்த்து எழுப்பிய பழைய பவர் தையல் மெஷின் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால், பெரும்பாலும் அதன் பளபளப்பைத்தான் முதலில் பார்க்கிறோம். கொஞ்சம் பொறுங்கள். மோட்டாரை அணைத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, வீலில் கையை வையுங்கள். உங்களை நோக்கி மெல்லச் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு அரை நிமிடம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

நான் சொல்வது சிங்கர் 31கே போன்ற மெஷின்களை. எண்ணுக்குப் பின்னால் வரும் ‘கே’ என்ற எழுத்து, ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. அதன் பெரிய கடிகாரக் கோபுரம் 1963-லேயே போய்விட்டது. ‘சிங்கர்’ என்ற பெயரில் ரயில் நிலையம் மட்டும் அங்கே இன்னும் இருக்கிறது. நம் ஊர்த் தையல் கடைகளில் வேட்டித் துணியால் மூடிக் கிடக்கும் மெஷின்களில் சில அங்கே வார்க்கப்பட்டவை.

வீலுக்கு வருவோம். பல வருஷம் ஓடாமல் கிடந்த மெஷினில், விட்ட எண்ணெயே காய்ந்து பிசினாகிவிடும். சுற்றும்போது ஒரே இடத்தில் கை இறுகினால் அந்தப் பிசின் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். நல்ல மெக்கானிக் அங்கே ஸ்பேனரால் முறுக்க மாட்டார். மண்ணெண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் மெல்ல அசைத்துப் பார்ப்பார். துணியை நகர்த்தும் பல் மேலே வரும் இடத்தில் கைக்குச் சிறு கனம் தெரியும், அது இயல்பு. வீல் அசைந்த பிறகும் ஊசிக்கம்பி ஒரு கணம் சும்மா நின்றால், எங்கோ தேய்மானம், ஆட்டம் இருக்கிறது. இதைக் கண்ணைவிடக் கை சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

இனி, பார்த்தே ஆக வேண்டிய இடம். நூல் கோத்து, ஒரு துணுக்குத் துணியை வைத்து, ஊசிக்கு அடியில் இருக்கும் தகட்டை நகர்த்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி கடைசிவரை இறங்கும். பிறகு சுமார் இரண்டு மில்லிமீட்டர் எழும். ஊசியின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருப்பதால் அங்கே நூல் தடையில்லாமல் ஓடும். மறுபக்கம் துணி நூலைப் பிடித்துக்கொள்ளும். ஊசி ஏறுகிறது, அந்தப் பக்கத்து நூலால் கூடவே ஏற முடியவில்லை. அதனால் ஊசிக் காதுக்கு மேலே சின்னதாகப் புடைக்கிறது. அந்தப் புடைப்புக்குள், கீழே ஆடும் ஷட்டிலின் கூர்முனை நுழைய வேண்டும். முனைக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு தாள் கனம்கூட இருக்கக் கூடாது. ஆனால் உரசவும் கூடாது. நுழைந்த முனை நூலை இழுத்து விரித்து, கீழ்நூலைத் தாங்கி அசையாமல் நிற்கும் பாபின் கேஸின் தலைவழியாகப் போட்டுக் கால்வழியாகக் கழற்றிவிடும், மாலையை ஒருவர் கழுத்தில் போட்டு அடிவழியே உருவி எடுப்பதுபோல. அப்படித்தான் மேல்நூல் கீழ்நூலைக் கட்டிக்கொள்கிறது. நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

‘டைமிங்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்தச் சந்திப்பைத்தான். ஊசிக்கம்பி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் முனை புடைப்பைத் தவறவிடும். தையல் விட்டு விட்டு விழும். ஒரே ஒரு திருகைத் தளர்த்தி, கம்பியை மயிரிழை இறக்கி, மறுபடி இறுக்குவதைப் பார்க்கக் கிடைத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். கை தேர்ந்தவர் அதற்கும் முன்பே ஊசியை மாற்றியிருப்பார். பாதிக் குறைகள் புது ஊசியிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது தையல். மேலே சிவப்பு நூல், கீழே நீல நூல் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். மேல்பக்கம் சிவப்பு மட்டும், அடிப்பக்கம் நீலம் மட்டும் தெரிந்தால் முடிச்சு துணியின் நடுவில் புதைந்திருக்கிறது. அடியில் சிவப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மேல்நூலின் டென்ஷன் தளர்வு. கீழே தெரியும் குறைக்கு மேலே போய்க் காரணம் தேடுவது பழகியவர்களுக்கே வரும். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாகச் சுண்டி அசைத்தால், சற்று இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்கு ஓடக் கூடாது.

மினுமினுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு உடம்பில் தங்கப் பூ வேலைப்பாடு தேய்ந்து மங்கியிருந்தால் அப்படியே விட்டுவிடுவதுதான் சரி என்பது என் கட்சி. தின்னர் போட்டுத் துடைத்தால் அழுக்கோடு பூவும் போய்விடும். துணி உரசி உரசி வழுவழுப்பான இடங்கள் அந்த மெஷின் உழைத்த தடம். அதன்மேல் புது பெயின்ட் அடித்து மறைப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

கடைசியாக மோட்டாரை ஓட விட்டுக் கேளுங்கள். இன்றைய மெஷின்கள் நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடுகின்றன; இது அதில் பாதிகூட ஓடாது. ஷட்டில் முழுசாகச் சுழலாமல் போய்ப் போய்த் திரும்புவதால், ஒரே சீரான இரட்டைத் தட்டு கேட்கும். நடுவே உலோகம் உலோகத்தில் மோதும் கிணீர் சத்தம் வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கள் தெரு மெக்கானிக் வேலை முடித்த அன்று, இரண்டு பக்கமும் வெள்ளை நூலிலேயே ஒரு சாண் தைத்து வெட்டிக் கொடுத்தார். அந்தத் துணுக்கை டைரிக்குள் வைத்திருக்கிறேன். எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று இதுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.