பச்சைத்தண்ணீரும் பல்லில் படாமல்

மறுநாள் ஆபரேஷன் என்றால் இரவு பன்னிரண்டுக்குப் பிறகு பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. முடிந்த பிறகு, காற்றுப் பிரிந்தால்தான் கஞ்சி. எழுந்து நடந்தால் தையல் பிரிந்துவிடும். கருப்பையிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்து வயிற்றில் அறுவை செய்துகொண்ட பெண்களுக்குப் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் காலங்காலமாகச் சொல்லப்பட்டவை இவை. பெரும்பாலானோருக்கு இந்த மூன்றும் தேவையில்லை என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு.

டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990-களில் குடல் அறுவை நோயாளிகளிடம் இந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தார். பெண் இனப்பெருக்க உறுப்புகளின் புற்றுநோய் அறுவைக்கென்று, ‘அறுவைக்குப் பின் விரைவான குணம்’ என்ற இந்த முறையை வகுக்கும் ஈராஸ் (ERAS) சங்கம் 2016-இல் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது, 2019-இல் திருத்தியது. அதன்படி, திட உணவை அறுவைக்கு 6 மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும், தெளிந்த நீராகாரம் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். குடலைக் கழுவ பேதி மருந்து வேண்டாம். மார்ஃபின் வகை மருந்துகளைக் குறைத்து, பாராசிட்டமால் போன்றவற்றை நேரம் தவறாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள் வாய்வழி உணவும் நடையும் தொடங்க வேண்டும். சூயிங்கம் மெல்வதும் பட்டியலில் உண்டு. உணவு வருகிறது என்று குடல் ஏமாந்து அசையத் தொடங்குமாம்! விலக்குகளும் இல்லாமல் இல்லை. குடல் அடைப்பு உள்ளவருக்கு நீராகார விதி பொருந்தாது. கருப்பைவாய்ப் புற்றுக்காகச் சுற்றுத்திசுக்களோடு கருப்பையை எடுத்தவருக்குச் சிறுநீர்க் குழாய் சில நாள் கூடுதலாக இருக்கும்.

இவற்றில் பலவற்றுக்குச் செலவே இல்லை. அப்படியிருந்தும் நள்ளிரவுப் பட்டினி ஏன் போகவில்லை? கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையில் நாளைய தியேட்டர் பட்டியல் எப்போது வேண்டுமானாலும் மாறும். யாரை முதலில் அழைத்தாலும் வயிறு காலியாக இருக்கட்டும் என்று எல்லாரையும் சேர்த்துப் பட்டினி போட்டுவிடுவது எளிது. கடைசியாக அழைக்கப்படுபவர் மாலைவரை வாடுவார்.

இதற்கு அப்பால் இரு நாடுகளின் வழிகளும் பிரிகின்றன. இந்தியாவில் டாடா நினைவு மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் 300-க்கும் மேற்பட்ட மையங்கள் சேர்ந்து பொதுவான சிகிச்சை வழிகாட்டுதல்களை வைத்திருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும், ஒரு மருத்துவமனையில் நடப்பதற்கும் அடுத்த தெரு நர்சிங் ஹோமில் நடப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. வார்டில் கைகொடுப்பவர் நோயாளியின் துணைக்கு வரும் உறவினர். அக்காவோ மகளோ யாராவது ஒருவர் இரவும் பகலும் கூடவே இருப்பார். முதல் நாளே நோயாளியைத் தோள் கொடுத்து நடக்கவைக்கக்கூடியவரும் அவர்தான், “தையல் பிரிஞ்சிடும், படு” என்று தடுப்பவரும் அவர்தான். ஆகவே பாடம் நோயாளிக்கு மட்டும் நடத்தினால் போதாது.

இலங்கையில் அரசு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். அரசுத் துறைக்குள்ளேயே மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை தொடங்கி மாகாண நிலையங்கள்வரை வலை விரிந்திருக்கிறது. ஒரே நடைமுறையை எல்லா இடத்துக்கும் கொண்டுசெல்ல இந்தியாவைவிட இது எவ்வளவோ வசதி. ஆனால், உறவினர் பார்வையாளர் நேரத்தில் வந்துபோகிறவர்கள். மற்ற நேரமெல்லாம் எழுப்பி நடக்கவைக்க வேண்டியவர் தாதி. ஒரு விடுதி முழுவதையும் கவனிக்கும் அவருக்கு அதற்கு நேரம் கிடைப்பது அரிது. 2011-இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை மக்கள் நடந்து திரட்டிய பணத்தில்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அப்படி நடந்த நாட்டில், விடுதிக்குள் நோயாளியைப் பத்து அடி நடத்திவிட ஆள் இல்லாமல் போவதுதான் வேடிக்கை.

வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான சோதனை. வயிற்றைத் திறந்து புற்றுக் கட்டியை எடுத்தவர்களுக்குக் காலில் இரத்தம் உறையாமலிருக்க ஊசியை 28 நாள்வரை தொடரும்படி ஈராஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் வீடு திரும்பியபின் 15 நாள் செலவைத்தான் ஏற்கிறது. மிச்ச நாள் யார் கணக்கு? மேலும், சிகிச்சைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் கொடுக்கும் முறையில் சீக்கிரம் அனுப்புவது மருத்துவமனைக்கு லாபம். பின்தொடர்தல் இல்லாமல் அனுப்புவதற்கு விரைவான குணம் என்று பெயர் சூட்டிவிடும் ஆபத்து இங்கே நிஜம். இலங்கையில் அந்தக் கணக்கு இல்லை, கட்டில் நெருக்கடி உண்டு. ஆனால் பின்தொடர்தலுக்குக் கைகொடுக்கக்கூடிய ஒருவர் அங்கே இருக்கிறார்: வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர். தாய்சேய் நலமும் 1996-இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கும் அவர் பொறுப்பு. ஆனால், அறுவை முடிந்து வந்த பெண் அந்தப் பொறுப்பில் சேர்வதில்லை; சேர்க்கலாம். தமிழ்நாட்டில் 2021 முதல் வீட்டுக்கு வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடமும் இந்தப் பின்தொடர்தல் வேலையைச் சேர்க்கலாம்.

வார்டில் இந்தியாவின் உறவுக்காரரும் வீட்டில் இலங்கையின் உத்தியோகத்தரும் சேர்ந்தால்தான் இந்த நெறிமுறை முழுமைபெறும் என்பது என் கருத்து. அதுவரை, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் பெண்களும் அவர்களோடு போகிறவர்களும் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் திரும்ப வேண்டாம்: கடைசியாக எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம்? வீட்டுக்குப் போனபின் இரவில் காய்ச்சலோ கால் வீக்கமோ வந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்?