குழிக் கணக்கில் ஒரு குறை

“நீளம் 24 மீட்டர், அகலம் 14 மீட்டர், ஆழம் 3 மீட்டர் உள்ள ஒரு பள்ளம் தோண்டப்படுகிறது. 6 கன மீட்டர் கொள்ளும் லாரியில் மண்ணை அகற்ற எத்தனை நடை தேவை?” இவ்வகைக் கணக்கைப் பள்ளியில் நீங்களும் போட்டிருப்பீர்கள். மூன்றையும் பெருக்கினால் 1,008 கன மீட்டர். ஆறால் வகுத்தால் 168 நடை. முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்த விடையை நம்பி லாரி பேசலாமா?

பெருக்கல் பழக இக்கணக்கு ஏற்றதே. எனினும் மண்ணின் இயல்பைப் பற்றி அது தவறான எண்ணங்களை ஊட்டுகிறது.

முதலாவது, பள்ளத்தின் சுவர்கள் செங்குத்தாக நிற்கும் என்பது. மண் அப்படி நிற்காது, சரியும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் வீதம் பக்கங்களைச் சாய்த்து வெட்டுவதாகக் கொள்வோம். அடியில் 24 × 14 வேண்டுமானால் மேலே 30 × 20 திறக்க வேண்டும். மேற்பரப்பு 600, அடிப்பரப்பு 336 சதுர மீட்டர். இவற்றின் சராசரியை ஆழத்தால் பெருக்கினால் 1,404 வரும். இது சற்று மிகை. நடுமட்டத்தின் பரப்பு 27 × 17 = 459. அதை நான்கு மடங்காக்கி மற்ற இரண்டோடு கூட்டி, ஆறால் வகுத்து ஆழத்தால் பெருக்கினால் சரியான அளவு கிடைக்கும்: 1,386 கன மீட்டர்.

இரண்டாவது, வெட்டிய மண்ணின் பருமன் மாறாது என்பது. மாறாதது நிறை மட்டுமே. கட்டி உடைந்து இடையே காற்று புகுவதால் பருமன் பெருகும். மண்ணின் வகைக்கேற்ப இது வேறுபடும். கால் பங்கு எனக் கொண்டால் 1,386 என்பது 1,732 ஆகும். அதற்கு 289 நடை வேண்டும். புத்தகம் சொன்னதைவிட 121 நடை அதிகம்!

இது வெறும் பணக் கணக்கன்று. 168 நடைக்கே பணம் ஒதுக்கியவர், சரிவு வெட்டுவதை வீண் செலவு என்று எண்ணிப் பக்கங்களைச் செங்குத்தாகவே விட்டுவிடக்கூடும். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். அது சரிந்தால் கீழே நிற்கும் தொழிலாளியின் கதி என்ன?

பெரிய பொறியாளர்களும் மண் சரிவைக் குறைத்து மதித்ததுண்டு. பனாமாக் கால்வாயின் குலெப்ரா வெட்டுக்கு 1906இல் போட்ட மதிப்பீடு சுமார் 5 கோடியே 40 லட்சம் கன கெஜம். மலைச்சரிவுகள் ஓயாது இடிந்து விழுந்ததால் 1913இல் அது ஏறத்தாழ 10 கோடியாயிற்று.

பாடநூல் ஆசிரியர்கள் இக்கணக்கை நீக்க வேண்டியதில்லை. “பக்கச் சரிவு இவ்வளவு, மண் உப்புவது இவ்வளவு” என இரு விவரங்களைச் சேர்த்தால் போதும். கணக்கும் வளரும், அறிவியலும் நுழையும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். இருபுறமும் திறந்த தகர டப்பா ஒன்றை இறுகிய தரையில் விளிம்பு மட்டம்வரை அடித்து இறக்குங்கள். உள்ளிருக்கும் மண்ணை முழுவதும் தோண்டி எடுத்து உதிர்த்து, மீண்டும் அதிலேயே கொட்டுங்கள். வழியும் மண்ணே புத்தகம் சொல்லாமல் விட்ட பாடம்.