சத்தியம் பண்ணிட்டேன் மாமா

ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போனால், ராத்திரி டி.வி.யில் என்ன படம் ஓடுகிறதோ அதைத்தான் பார்த்தாக வேண்டும். ரிமோட், பிளஸ் ஒன் படிக்கும் மருமகன் கையில். போன மாதம் போயிருந்தபோது '3' ஓடியது. 2012-ல் வந்த படம். 'கொலவெறி' பாட்டு ஞாபகம் இருக்கிற அளவுக்குக் கதை ஞாபகம் இருக்காது. எனக்கும் இல்லை.

ராம் (தனுஷ்) தற்கொலை செய்துகொள்கிறான். ஏன் என்று தேடிப் போகிறாள் மனைவி ஜனனி (ஸ்ருதிஹாசன்). ராமுக்கு பைபோலார் என்கிற மனநோய். அது நண்பன் செந்திலுக்குத் தெரியும். டாக்டரிடம் கூட்டிப் போனதே அவன்தான். 'ஜனனிக்குத் தெரியக் கூடாது' என்று ராம் சொல்ல, செந்தில் வாயைத் திறப்பதில்லை. ஜனனிக்குத் தெரியவரும்போது ராம் இல்லை.

நோய்க்கு ஒரு பெயர் உண்டு, அதற்கு டாக்டர் உண்டு என்று காட்டியதற்காக இயக்குநர் ஐஸ்வர்யாவைப் பாராட்டலாம். ஆனால் செந்தில் விஷயத்தில் படம் சறுக்குகிறது. ரகசியம் காப்பதுதான் நட்பு என்று அவனைத் தியாகியாக்கி விடுகிறது. பதினாறு வயசுப் பையன் இதைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவான். இன்னொன்று, மாத்திரை சாப்பிட்டுத் தேறி, டிபன் பாக்ஸோடு ஆபீஸ் போகிற ராமை நம்மாட்கள் படமெடுப்பதில்லை. நிஜத்தில் அந்த ராம்கள்தான் ஜாஸ்தி.

மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசை நாடகத்தில் (1791) பாபகேனோ என்றொருவன் சாகத் துணிகிறான். மூன்று சிறுவர்கள் குறுக்கே வந்து, வேறு வழி இருக்கிறது என்று ஞாபகப்படுத்துகிறார்கள். அவன் பிழைக்கிறான். இப்படி மீண்டவர்களின் கதை பிறரையும் காப்பாற்றலாம் என்று கண்ட ஆய்வாளர்கள், 2010-ல் அதற்கு 'பாபகேனோ விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். செந்தில் அந்தச் சிறுவர்களில் ஒருவனாக இருந்திருக்கலாம்.

மறுநாள் பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மருமகன் திடீரென்று கேட்டான். "மாமா, செந்தில் செஞ்சது தப்பா?"

"தப்புதான் மாப்ளே."

"சத்தியம் பண்ணியிருக்கான்ல?"

"உயிர் விஷயத்துல சத்தியம் செல்லாது."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "சாகணும்னு தோணுதாடான்னு நேரா கேட்டா, இல்லாத நெனப்பை நாமளே கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா?"

பெரியவர்களே பலர் இதை நம்புகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, பேசுவதற்கு ஒரு வழிதான் கிடைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேட்டுவிட்டு, உபதேசம் பண்ணாமல் காது கொடுக்க வேண்டும். அதுதான் கஷ்டம். எனக்கே வராது.

"போலீஸ் கேஸ் ஆயிருமே?"

பழைய 309-வது பிரிவின் பயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. சொன்னேன். 14416 என்ற எண்ணையும் சொன்னேன். 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. இரண்டையும் செல்போனில் பதிந்துகொண்டான்.

ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்தது. "திருப்பாவையில பத்துப் பாட்டு தோழிகளை எழுப்புறதுதான் மாப்ளே. வீடு வீடாப் போய், எழுந்திரிக்கிற வரைக்கும் விடமாட்டாங்க."

"அது மார்கழிக் குளிருக்கு மாமா" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்க கிளாஸ்ல ஒருத்தன்... யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருக்கான்."

"இப்ப தனியாவா இருக்கான்?"

"இல்ல, அவங்க அம்மா இருக்காங்க. ஆனா அவங்களுக்குத் தெரியாது."

பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அங்கிருந்தே நண்பனுக்கு போன் போடச் சொன்னேன். "வீட்லயே இருடா, வர்றேன்" என்றான். பால்கோவா வாங்கவில்லை. எதிரே நின்ற ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினோம்.

"என்னைத் திட்டுவான் மாமா. இனிமே பேசவே மாட்டான்."

"திட்டட்டும். நானும் கூட வர்றேன்."

அந்த வீட்டு வாசலில் கோலம் காய்ந்திருந்தது. உள்ளே குக்கர் விசில் சத்தம். மருமகன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, காலிங் பெல்லை அழுத்தினான்.